கல்லுக்கும் மிஷினுக்கும் கல்யாணம்

ஆடி மாதம் வந்தால் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வேலை இருக்காது. மேளம் இல்லை, பந்தி இல்லை. மண்டபக்காரர் சும்மா விடுவாரா? ஒரு வாரம் ஜவுளித் தள்ளுபடிக்கு வாடகைக்கு விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாமுக்கு விடுவார். போன ஆடியில் வந்தது சிறுநீரகக் கல் முகாம். வாழைமரம் கட்டுகிற தூணில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக நாமக்கல் கவிஞர் எழுதிக்கொடுத்த வழிநடைப் பாட்டின் முதல் இரண்டு சொற்களை அப்படியே தூக்கி, அதன் வாலில் 'கிட்னிக் கல்லை உடைக்கிறோம்' என்று ஒட்டுப்போட்டிருந்தார்கள். அதுவும் கவிஞர் பிறந்த மாவட்டத்திலேயே. உப்பை அதிகமாகத் தின்றால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இறங்கும், கல் சேர அது ஒரு காரணம் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆக, உப்புக்காகப் பிறந்த பாட்டு உப்பால் வந்த கல்லிடம் போய்ச் சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த மண்டபத்தில் அன்று நான் கண்ட ஒரே நியாயம் அதுதான்.

மாமாவை அங்கே கூட்டிப்போனவன் நான். அந்தப் பாவத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் லாரி. முதலில் டிரைவர், பிறகு ஒரே ஒரு வண்டிக்கு முதலாளி. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர் தாண்டி இறக்குவார். வழியில் வண்டியை நிறுத்த இடம் இல்லை, நிறுத்தினாலும் நாற்றம் இல்லாத கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீரையே குறைத்துக்கொண்ட தலைமுறை அது. தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிற சுங்கச்சாவடி எண்ணிக்கைக்குப் பாதி கழிப்பறை கட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் இரண்டு மாத்திரை. முப்பது வருடம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே வளர்த்த வயிறு, அதற்குக் குறைவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற வலி வந்தபோது முதலில் வாழைத்தண்டு ஜூஸ் குடித்தார். அதற்குப் பிறகு டாஸ்மாக் வாசலில் நிற்கிற சிறப்பு மருத்துவர்கள் சொன்னபடி பீர் குடித்தார். தமிழ்நாட்டில் எந்தக் குடிகாரனைக் கேட்டாலும் கிட்னிக் கல்லுக்கு மருந்து சொல்வான். ஈரலுக்கு மட்டும் சொல்ல மாட்டான்.

மணமேடையில்தான் ஸ்கேன் மிஷின் வைத்திருந்தார்கள். கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் பிசின் தடவி, இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுத் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். 'வலது கிட்னி, கீழ் அறை, 17 எம்எம்.' சீட்டை வாங்கிக்கொண்டு பந்தி போடும் பக்கம் போனால் அங்கே பி.ஆர்.ஓ. உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன், கழுத்தில் டை, நெற்றியில் விபூதி. மூன்று கேள்வி கேட்டார்.

"காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அதுல உங்க பேர் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"ஆதார்ல போன் நம்பர் சேர்த்திருக்குதுங்களா?"

"சேர்த்திருக்குதுங்க தம்பி."

"அப்ப உங்களுக்கு லித்தோ செஞ்சிரலாமுங்க."

முடிந்தது. லித்தோ என்றால் வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைக்கிற சிகிச்சை. அது நோயாளிக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்கும் விதம் இதுதான். மருத்துவக் கல்லூரியில் எத்தனையோ வருடம் படித்துவிட்டு யூராலஜிக்கென்று தனியாக வேறு படிக்கிறார்களே, எதற்கென்று கேட்கிறேன். ரேஷன் கடைப் பில் போடுகிற பையன் போதும்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கிற வீட்டில் ஜாதகம் வாங்கினால் குறைந்தது இரண்டு ஜோசியரிடம் காட்டுவார்கள். ஒருவர் பொருந்தும் என்றால் நம்பாமல் இன்னொருவரிடம் போவார்கள். தினம், கணம், ராசி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டு இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். அதே மண்டபத்தில், அதே மனிதரின் சிறுநீரகத்துக்குள் மூவாயிரம் முறை அதிரும் ஒரு மிஷினைக் கட்டிவைக்க மூன்று கேள்வி. அதில் ஒன்றுகூட கல்லைப் பற்றியது இல்லை.

கல்லுக்கும் ஜாதகம் உண்டு. அதற்குப் பெயர் சி.டி. ஸ்கேன். சாயம் ஏற்றாமல் எடுக்கிற சாதாரண சி.டி. போதும். மண்டபத்தில் தேய்த்தார்களே அந்த அல்ட்ராசவுண்ட், கல் இருக்கிறது என்று சொல்லும். அளவைப் பல சமயம் கூட்டிச் சொல்லும். கல்லின் குணத்தைச் சொல்லவே சொல்லாது. சி.டி. எடுத்தால் கல்லின் அடர்த்தி ஒரு எண்ணாக வரும். சி.டி. கருவியைக் கண்டுபிடித்து 1979-ல் நோபல் பரிசு வாங்கினாரே ஹவுன்ஸ்ஃபீல்டு, அவர் பெயரில்தான் அந்த அலகு. தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் ஆயிரம். கல் ஆயிரத்தைத் தாண்டினால் அது வெளியிலிருந்து அனுப்பும் அதிர்வலைக்கு மசிவது கடினம் என்பது இந்தத் துறையில் ஆரம்பப் பாடம். கால்சியம் ஆக்சலேட் கல்லிலேயே ஒரு வகை கருங்கல் ஜாதி. சிஸ்டின் கல் அதைவிடப் பிடிவாதம். யூரிக் அமிலக் கல்லோ வெல்லக்கட்டி மாதிரி. நானூறு ஐநூறுக்குள் நிற்கும். எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது.

அந்த வெல்லக்கட்டியைப் பற்றி இன்னொன்று. சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது உள்ளேயே கரையும். பொட்டாசியம் சிட்ரேட் மருந்தை மாதக்கணக்கில் குடித்து, புளிப்பை அட்டையில் பரிசோதித்துக்கொண்டே வந்தால் பலருக்கு மிஷின் பக்கமே போக வேண்டியதில்லை. ஆனால் சிரப் பாட்டிலுக்கு எவனாவது நாற்பதடி ஃப்ளெக்ஸ் வைப்பானா?

அடுத்த பொருத்தம் தூரம். முதுகுத் தோலிலிருந்து கல் எத்தனை ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சி.டி. படத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் அலை போய்ச் சேருவதற்குள் வலு குறைந்துவிடும். மாமாவின் வயிற்றைப் பார்த்தாலே, சி.டி. இல்லாமல், ஸ்கேல் இல்லாமல், கண்ணால் மட்டும் பார்த்தாலே யாருக்கும் சந்தேகம் வரும். பி.ஆர்.ஓ. தம்பிக்கு வரவில்லை. அவர் பார்த்தது அட்டையை.

பிறகு வீடு. கல் சிறுநீரகத்தின் எந்த அறையில் குடியிருக்கிறது? மேல் அறை, நடு அறை என்றால் உடைந்த தூள் சறுக்கி இறங்கிவிடும். கீழ் அறை அண்டாவின் அடி மாதிரி. உடைத்தாலும் தூள் அங்கேயே கிடக்கும். வெளியேறும் வழி மேல்நோக்கி, குறுகலாக, வளைந்து போகிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். கீழ் அறையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் கல் இருந்து அதிர்வலை சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 33 பேர். மூன்று மாதம் கழித்துக் கல் முழுக்கப் போயிருந்தது 7 பேருக்கு. மாமாவின் கல் கீழ் அறை, 17 மில்லிமீட்டர். மீண்டும் படிக்க வேண்டாம், துண்டுச் சீட்டிலேயே எழுதியிருந்தது.

மற்றவை எல்லாம் நாகதோஷம் மாதிரி, இருந்தால் பேச்சே கிடையாது. கர்ப்பிணிக்குக் கூடாது. ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ, உறையாமலிருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருந்தாலோ, அதைச் சரிசெய்யாமல் கூடாது. சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளும். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால் அதை அடக்காமல் கூடாது; கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி உடைந்ததும் ரத்தத்தில் கலக்கும். கல்லுக்குக் கீழே குழாயில் அடைப்பு இருந்தால் கூடாது. உடைத்தது எங்கே போகும்? அலை போகிற வழியில் பெருந்தமனி வீங்கியிருந்தால் கூடாது. இவை ரகசியம் இல்லை. எந்த யூராலஜிஸ்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். மண்டபத்தில்தான் யாரும் அவரை எழுப்பவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு இளம்பெண். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. கூட வந்த மாமியார், யாரும் கேட்காமலேயே, "கண்ணு ரெண்டு நாளா வாந்தி எடுக்கறா, தள்ளிப்போயிருக்குதோ என்னமோ" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் மூன்று கேள்வியில் நான்காவது இல்லை. அட்டை, பேர், ஆதார். டோக்கன் போட்டுக்கொடுத்தார். அந்த மாமியாரை நான்தான் ஓரமாகக் கூப்பிட்டுப் போய், முதலில் ஒரு பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தெரியாத ஆம்பிளை கேட்கிற கேள்வியா அது? கேட்க வேண்டியவன் கேட்டிருந்தால் எனக்கு அந்த வெட்கம் மிச்சமாகியிருக்கும்.

எங்களுக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பையன். சிறுநீர்க் குழாயில் 4 மில்லிமீட்டர் கல், 'உடனே உடைக்காவிட்டால் கிட்னி போய்விடும்' என்று சொல்லி அவன் அப்பாவின் முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். குழாயில் இருக்கும் ஐந்து மில்லிமீட்டருக்குட்பட்ட கல் மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே விழுந்துவிடும். வலி மாத்திரை, தண்ணீர், கொஞ்சம் பொறுமை. காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ வந்தால்தான் ஓட்டம். ஆனால் பொறுமைக்கு எந்தக் காப்பீட்டிலும் பேக்கேஜ் கிடையாது.

முகாம் நடத்திய ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை வரச்சொன்னார்கள். ஏன் செவ்வாய்? அந்த ஆஸ்பத்திரிக்கு மிஷின் சொந்தமில்லை. லாரியில் வரும். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் இந்த ஊர், புதன் இன்னொன்று. ஆக, கல் எந்தக் குணமாக இருந்தாலும், எந்த அறையில் இருந்தாலும், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்திருந்தாலும் வராவிட்டாலும், செவ்வாயன்று உடைந்தாக வேண்டும். எங்கள் ஊரில் செவ்வாய் தோஷம் என்றால் பெண்ணுக்குத்தான் சொல்வார்கள். இப்போது கிட்னிக்கும் வந்துவிட்டது.

மிஷின் லாரியில் வருகிறது என்று கேட்டதும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம சாதிடா மாப்ள" என்றார்.

நானும் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. இதய மாத்திரை பற்றிக் கேட்டேன். "நேத்து நைட்டுப் போடலீல்ல? போதும்" என்றார்கள். அந்த மாத்திரை ரத்தத் தட்டுகளைக் கட்டிப்போட்டால் அந்தத் தட்டுகள் செத்துப் புதிது பிறக்கும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், அதன் வேலை ஓடும். நேற்று நிறுத்தினால் இன்று தீருகிற போதை இல்லை அது. நாமாக நிறுத்தினாலும் ஆபத்து. இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இதய மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாத மாத்திரை. 'சிறுநீர் கல்ச்சர் எடுத்தீர்களா' என்றும் கேட்டேன். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். மூன்று நாளில் லாரி எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"ஏன் சார் இத்தனை கேக்கறீங்க, நீங்க மெடிக்கல் ரெப்பா?" என்றார் ஒருவர். நோயாளியின் சொந்தக்காரன் விவரம் கேட்டால் ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று மருந்துக் கம்பெனி, இரண்டு வக்கீல்.

இந்த மிஷினின் கதையைச் சொல்லாவிட்டால் அதற்கு நான் துரோகம் செய்தவனாவேன், ஏனென்றால் அது ஒரு குற்றமும் செய்யவில்லை. ஜெர்மனியில் டோர்னியர் என்று ஒரு விமானக் கம்பெனி. நம் கடலோரக் காவல்படை பறக்கவிடுகிறதே அந்த டோர்னியர்தான். ஒலியை மிஞ்சும் வேகத்தில் போகிற விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துளி மோதிய இடத்தைவிட உள்ளே தள்ளிச் சேதம் ஏற்படுவதைக் கவனித்தார்கள். தோலைக் கீறாமல் உள்ளே இருப்பதை உடைக்கலாமே என்று அங்கேதான் யோசனை முளைத்தது. பல வருடம் விலங்குகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1980 பிப்ரவரி 7-ம் தேதி மியூனிக்கில் கிறிஸ்டியன் சாஸி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் முதல் மனிதருக்குச் செய்தார்கள். நோயாளியை நாற்காலியில் கட்டி ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். அதுவரை இடுப்பைப் பிளந்து கல்லை எடுத்துக்கொண்டிருந்த உலகம் வாயைப் பிளந்தது. 1984-ல் அமெரிக்காவும் அனுமதித்தது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. உலகத்திலேயே முதன்முதலாக அந்த மிஷினைக் கையில் வைத்திருந்தவர்கள், வருகிறவனுக்கெல்லாம் போடவில்லை. சின்னக் கல், இறங்குவதற்கு வழி சுத்தம், கிருமி இல்லை என்று பொறுக்கி எடுத்த சிலருக்குத்தான் ஆரம்பத்தில் செய்தார்கள். பொருத்தம் பார்க்கும் வேலை மிஷினோடு சேர்ந்தே பிறந்தது. இங்கே இறக்குமதி ஆனபோது மிஷினை மட்டும் இறக்கிவிட்டுப் பொருத்தத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள் போல.

இன்னொரு வேடிக்கை. தொட்டி வைத்த அந்தப் பழைய மாடல் கல்லை உடைத்த திறமையைப் பிறகு வந்த சிறிய புது மாடல்கள் பலவற்றால் எட்ட முடியவில்லை. புதியவை சௌகரியம்; மயக்க மருந்து குறைவு, லாரியில் ஏற்றலாம். தொட்டிக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பை, நடுவில் பிசின். அந்தப் பிசினில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அலை அங்கேயே திரும்பிவிடும். பிசினைத் தடவுவதிலேயே இவ்வளவு கவனம் வேண்டிய சிகிச்சை இது. மாமாவுக்குத் தடவிய பையன் இன்னொரு கையில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு அறுபது அடி கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது, சிறுநீரகத்துக்கும் சேதம் குறைவு. நூற்றிருபது கொடுத்தால் உடைவது குறைகிறது என்று திரும்பத் திரும்ப நிரூபித்துவிட்டார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவாயிரம் அடிக்கு அறுபது வேகத்தில் ஐம்பது நிமிடம். நூற்றிருபதில் இருபத்தைந்து. ஒரு ஆள் நேரத்தில் இரண்டு ஆள். மாமா உள்ளே போய் அரை மணிக்குள் வெளியே வந்துவிட்டார். "என்ன மாமா இவ்வளவு சீக்கிரம்?" என்றேன். "டக்குடக்குடக்குன்னு ஹைவேல போற மாதிரி இருந்துச்சு" என்றார்.

முதல் செவ்வாய், மூன்று வாரம் கழித்து இரண்டாவது செவ்வாய், பிறகு மூன்றாவது. பேக்கேஜில் மூன்று சிட்டிங் உண்டாம். உடையாவிட்டால் கல்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது முடிந்ததும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்கள்: கல் வெற்றிகரமாக உடைக்கப்பட்டது. உடைக்கப்பட்டது, சரி. வெளியேறியதா? அதைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தை இல்லை. உடைந்தும் இறங்காமல் தங்கிவிட்ட, நாலு மில்லிமீட்டருக்குட்பட்ட துண்டுகளுக்கு இந்தத் துறையில் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'மருத்துவ ரீதியாக முக்கியத்துவம் இல்லாத எச்சங்கள்'. அந்த முக்கியத்துவம் இல்லாதவற்றில் பல பின்னால் வளர்ந்து, நகர்ந்து, நடு ராத்திரியில் ஆளைச் சுருட்டிப் போடுகின்றன. முக்கியத்துவம் யாருக்கு இல்லை என்பதைச் சேர்த்து எழுதியிருந்தால் பெயர் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். போர்வை போர்த்தியும் மாமா உடம்பு தூக்கிப்போட்டது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக நின்றது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "டாக்டர் செவ்வாய்தான் வருவாருங்க" என்றார்கள். அன்று வியாழன்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதியில் கல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக, வண்டி போகாத தெரு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. இதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயரே 'கல் தெரு' என்றுதான் அர்த்தம் தருமாம். எனக்கு உடனே எங்கள் ஊர் ரோடு ஞாபகம் வந்தது. ஒப்பந்தக்காரர் ஜல்லியைக் கொட்டுவார். பில் பாஸ் ஆகும். தார் ஊற்றாமல் போய்விடுவார். ஜல்லி அங்கேயே கிடக்கும். ஊரார் அதில் விழுந்து எழுந்திருக்க வேண்டியது. பாலம் கட்டுவதில், பள்ளிக்கூடக் கூரையில், ஏரி தூர்வாருவதில் எல்லாம் பார்த்த அதே ஆள்தான் இப்போது என் மாமாவின் உடம்புக்குள் டெண்டர் எடுத்து ஜல்லி கொட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அடைப்புக்குப் பின்னால் சீழ். கிருமி ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே உள்ளே ஒரு குழாய் வைத்து வழி திறந்தார்கள். நாலு நாள் ஐ.சி.யூ. அங்கே இருந்த யூராலஜி டாக்டர் சின்ன வயசுப் பெண். இரண்டு ராத்திரி தூங்காத கண். நாங்கள் கொண்டுபோன கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுல சி.டி. எங்கே?" என்றார். இல்லை என்றேன். "கல்ச்சர்?" இல்லை. "கிளோபிடோக்ரெல் ஓடிட்டு இருந்திருக்கு, கார்டியாலஜி ஒப்பீனியன்?" இல்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசவில்லை.

புதிதாக எடுத்த சி.டி.யை அவரே திரையில் போட்டு அளந்து காட்டினார். கீழ் அறையில் பெரிய துண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அடர்த்தி 1,350. தோலிலிருந்து கல் வரை 12 சென்டிமீட்டர். "அண்ணா, இவருக்கு இது ஆரம்பத்துலயே வேலைக்கு ஆகாது. குழாய் வழியா மெல்லிசா கேமரா விட்டு லேசர்ல எடுத்திருக்கணும். அதுன்னா இதய மாத்திரைய நிறுத்தாமயேகூட செய்யலாம்" என்றார். இதை அளக்க அவருக்கு ஆன நேரம் மூன்று நிமிடம். பி.ஆர்.ஓ. தம்பியின் மூன்று கேள்விக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது.

நல்ல கையில் இந்த மிஷின் அருமையான மிஷின் என்பதையும் அதே டாக்டர்தான் சொன்னார். சின்னக் கல், மிருதுவான கல், மெலிந்த உடம்பு, மேல் அறை, கிருமி இல்லை என்றால் ஊசி குத்துகிற அளவுக்குக்கூட ரத்தம் வராமல் வேலை முடியும். பக்கத்து வார்டிலேயே அப்படி ஒரு பெண் அன்று காலையில் செய்துகொண்டு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமானது. மிஷினே மோசம் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். பொருந்துகிறவனுக்கு வரமாகக் கிடைக்கிற ஒன்றை, அட்டை வைத்திருக்கிற ஒரே பாவத்துக்காகப் பொருந்தாதவன் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் வயிற்றில் பற்றி எரிகிறது. சர்க்கார் ஏழைக்குக் கொடுத்த அட்டை, ஏழைக்கு வைத்தியம் வாங்கிக்கொடுக்கிற அட்டையா, இல்லை ஆஸ்பத்திரிக்கு ஏழையை வாங்கிக்கொடுக்கிற அட்டையா? அப்ரூவல் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் கல்லோடு ஒரு படம், கையெழுத்தோடு ஒரு தாள். 'அடர்த்தி எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எந்த அறை, கல்ச்சர் எங்கே' என்று நாலு கட்டம் அந்தப் படிவத்தில் சேர்த்தால் கம்ப்யூட்டர் வெடித்துவிடுமா? காலிக் கட்டத்தோடு வருகிற படிவத்தைத் திருப்பி அனுப்பத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரிகிறது. ஒரு எழுத்து பிழையென்றால் பட்டா கொடுக்க மாட்டார். கிட்னிக்கு மட்டும் எல்லாக் கட்டமும் காலியாக இருந்தாலும் 'அப்ரூவ்டு'.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்த நாளில் மாமா என்னைச் சமாதானப்படுத்தினார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

"உடு மாப்ள. நானும் பண்ணியிருக்கறேன்" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"வண்டிக்கு டியூ கட்டணும்னு வெய்யி. மாசம் இருபத்தெட்டு ஆச்சு, கையில காசில்ல. அப்ப புரோக்கர் போன் பண்ணி லோடு இருக்குதுன்னா, என்ன லோடுன்னு கேப்பனா? நம்ம வண்டி தாங்குமான்னு பாப்பனா? ஏத்துன்னுருவேன். ஓவர் லோடோ, ஒடையற சாமானோ, போயி எறக்குனாத்தான் காசு. அந்த மிஷினுக்கும் யாரோ டியூ கட்டறாங்கடா. நான் லோடு, அவ்ளோதான்."

மறுவாரம் லேசரில் மிச்சத்தை எடுத்தார்கள். எடுத்த துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கருங்கல் ஜாதி என்று வந்தது. மீதியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா அதை டிவிக்கு மேலே வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுவார், கலகலவென்று சத்தம் வரும். இப்போது பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கிறது. அத்தை ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்துவிட்டார்.

மார்கழி பிறந்தது. மண்டபத்துக்கு மறுபடி முகூர்த்தம் இல்லாத மாதம். ஒரு சாயங்காலம் மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கமுங்க ஐயா, போன தடவ நம்மகிட்ட லித்தோ பண்ணுனீங்கள்ல, எப்படி இருக்கறீங்க? வர்ற ஞாயித்துக்கெழம நம்ம மண்டபத்துல மறுக்கா கேம்ப் போடறமுங்க. வீட்டுல வேற யாருக்காவது அட்டையில பேர் இருந்தா கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் ஃப்ரீதானுங்க."

மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. அந்த மிஷின் வண்டிக்கு இன்னும் எத்தன டியூ பாக்கி இருக்குது?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று மாமா போனைத் திருப்பிப் பார்த்தார். ஆகவில்லை. பையன் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான்.